வானத்து ஸ்டேஷன் மாஸ்டர்கள்

தர்மபுரியில் விமான நிலையம் கிடையாது. ஆனால் இரவில் மொட்டை மாடிக்குப் போய் நின்றால், விளக்கு மின்ன விமானங்கள் போவதைப் பார்க்கலாம். தண்டவாளமும் கைகாட்டியும் இல்லாத இடத்தில் இவை எப்படி மோதாமல் போகின்றன என்று பேரப்பிள்ளைகள் கேட்பதுண்டு. அங்கேயும் ஸ்டேஷன் மாஸ்டர்கள் இருக்கிறார்கள் என்பேன்.

ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் என்பது அவர்கள் பெயர். சேலம் - பெங்களூரு பாதையில் நாங்கள் ரயிலுக்கு லைன் கிளியர் கொடுத்தது போல, அவர்கள் விமானத்துக்கு உயரமும் திசையும் கொடுக்கிறார்கள். பைலட் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட் மூடியதற்கு அடையாளமாக கேட்கீப்பரிடம் நாங்கள் பிரைவேட் நம்பர் வாங்கிக் குறித்துக்கொள்வோமே, ஏறக்குறைய அந்த மாதிரி. அந்தப் பேச்சில் கோளாறு வந்தால் என்ன ஆகும் என்பதை நம் நாடு 1996-ல் பார்த்தது.

அந்த ஆண்டு நவம்பர் 12-ம் தேதி மாலை, டெல்லியிலிருந்து சவுதி விமானம் ஒன்று 312 பேருடன் கிளம்பியது. பயணிகளில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வளைகுடா போன நம்மவர்கள். எதிரே கஜகஸ்தான் விமானம் ஒன்று 37 பேருடன் டெல்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது. சவுதி விமானத்துக்கு 14,000 அடி, கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று கன்ட்ரோலர் பிரித்துக் கொடுத்திருந்தார். எதிரே 14 மைலில் சவுதி விமானம் வருகிறது என்று எச்சரிக்கவும் செய்தார். ஆனாலும் கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

விசாரித்த நீதிபதி லஹோட்டி ஆணையம், கொடுத்த உயரத்துக்குக் கீழே இறங்கிய கஜகஸ்தான் விமானக் குழுவின் மீதே தவறு என்றது. ஆனால் அன்று டெல்லியில் இருந்த நிலைமையையும் பார்க்க வேண்டும். கன்ட்ரோலர் முன்னால் இருந்த ரேடார், விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும், எவ்வளவு உயரத்தில் என்று காட்டாது. உயரத்துக்கு பைலட்டின் வாய்ச்சொல்தான் ஆதாரம். போகவும் வரவும் ஒரே வான்பாதை. இத்தனை பேர் போன பிறகுதான் பாதைகளைப் பிரித்தார்கள், உயரம் காட்டும் ரேடார் வந்தது, மோதலை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி விமானங்களில் கட்டாயம் ஆனது.

கருவி வந்தால் போதுமா? 2002 ஜூலை 1 அன்று இரவு, ஜெர்மனியில் யூபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதின. இரண்டிலும் எச்சரிக்கைக் கருவி இருந்தது. ரஷ்ய விமானத்துக்கு 'ஏறு' என்றது கருவி, 'இறங்கு' என்றார் சூரிச்சிலிருந்த கன்ட்ரோலர். அவர்கள் கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டார்கள். 71 பேர் போனார்கள், அதில் 52 பேர் குழந்தைகள்.

அந்த கன்ட்ரோலர் அன்றிரவு தனி ஆள். உடன் வேலை பார்த்தவர் ஓய்வுக்குப் போயிருந்தார். இது நிர்வாகத்துக்குத் தெரிந்தே நடந்துவந்த பழக்கம். இரண்டு மேசைகளை ஒருவரே பார்த்தார். போதாக்குறைக்குப் பராமரிப்பு வேலைக்காக முக்கியமான எச்சரிக்கை வசதியையும் பிரதான தொலைபேசி இணைப்பையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆபத்தைக் கண்ட பக்கத்து ஜெர்மன் மையம் அழைத்துப் பார்த்தும் இணைப்பு கிடைக்கவில்லை. 2004-ல், குடும்பத்தையே இழந்த ஒரு தகப்பன் அந்த கன்ட்ரோலரைத் தேடிப் போய்க் குத்திக் கொன்றார். 2007-ல் சுவிஸ் நீதிமன்றம், அந்த நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் 4 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது கன்ட்ரோலர் உயிரோடு இல்லை.

ரயில்வேயில் 'ரெஸ்ட் கிவர்' என்று ஒரு பதவி உண்டு. ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஓய்வு கொடுக்க வேறொரு ஸ்டேஷன் மாஸ்டர் வருவார். ஒருவர் ஓய்வெடுக்க வேண்டுமானால் இன்னொரு ஆள் வேண்டும் என்ற எளிய கணக்கு அது. சூரிச்சில் ஒருவருக்கு ஓய்வு கிடைத்தது, ஆனால் அந்த இடத்தை நிரப்ப ஆள் இல்லை.

சின்ன ஸ்டேஷன்களில் எங்களுக்கு 12 மணி நேர டியூட்டி. இரவு 2 மணியிலிருந்து 4 மணி வரைதான் கஷ்டம். முகத்தைக் கழுவினாலும், டீ குடித்தாலும், பிளாட்பாரத்தில் நடந்தாலும் கண் சொக்கும். தூக்கம் பசியைப் போல. அதட்டினால் போகாது.

2011 மார்ச்சில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இதுதான் நடந்தது. நள்ளிரவு தாண்டி இறங்க வந்த இரண்டு பயணிகள் விமானங்கள் டவரைக் கூப்பிட்டுக்கூப்பிட்டுப் பார்த்தன, பதில் இல்லை. பைலட்டுகள் தாங்களாகவே இறக்கினார்கள். டவரில் இருந்த ஒரே கன்ட்ரோலர் தூங்கிவிட்டார். தொடர்ந்து 4-வது இரவாக அவருக்கு டியூட்டி. அதன் பிறகு அங்கே இரவில் தனி ஆளை வைப்பதை விட்டார்கள். ஷிஃப்டுகளுக்கு நடுவே குறைந்தபட்ச ஓய்வை 8 மணியிலிருந்து 9 மணியாக உயர்த்தினார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. 2022 ஜனவரி 7 காலை, பெங்களூரு விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகளில் தெற்குப் பாதையை நிறுத்திவிட்டு வடக்கை மட்டும் பயன்படுத்துவது என்று முடிவானது. அந்தத் தகவல் தெற்கு டவரில் இருந்தவருக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு டவரும் ஆளுக்கொரு இண்டிகோ விமானத்துக்கு அனுமதி கொடுக்க, கொல்கத்தா விமானமும் புவனேஸ்வர் விமானமும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒன்றையொன்று நெருங்கின. ரேடாரில் இருந்த வேறொரு கன்ட்ரோலர் அதைக் கவனித்து உடனே திருப்பிவிட்டார். இரண்டிலும் சேர்த்து 400 பேருக்கு மேல் இருந்தார்கள். இன்னொரு ஜோடிக் கண் விழித்திருந்ததால் அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் நாம் 'டிரைவர் தூங்கிட்டான்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். எத்தனை மணி நேரமாக ஓட்டினார், மாற்று டிரைவர் இருந்தாரா, எத்தனை மணிக்குள் போய்ச் சேரச் சொன்னார்கள் என்றும் கேட்க வேண்டும். அதைக் கேட்காதவரை அடுத்த லாரியிலும் அதே போல ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார்.