தேயிலைப் பெட்டியில் பிறந்த பீட்: 60-களின் பிரிட்டன் இளைஞர்களும் அவங்களோட 'பேண்ட்' நாள்களும்!

உங்க வீட்டுப் பரணில் என்னெல்லாம் கிடக்குன்னு எப்பவாவது ஏறிப் பார்த்திருக்கீங்களா? இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் ரொம்ப வருஷமா ஒரு பழைய கிட்டார் கிடந்தது. வயலின் மாதிரி உடம்பு, நாலு தந்தி. 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கடை ஒன்றில் 30 பவுண்டு அளவுக்குக் கொடுத்து பால் மெக்கார்ட்னி வாங்கிய ஹாஃப்னர் பேஸ் கிட்டார் அது. பீட்டில்ஸின் முதல் பாடல்களில் ஒலித்த அந்தக் கிட்டார், 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோனது. ஐம்பது வருஷம் கழித்து ரசிகர்கள் சிலர் தேடலில் இறங்க, பொதுமக்கள் கொடுத்த தகவல்கள் வழியாகக் கிடைத்து, உரியவர் கைக்கே திரும்பிய செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது.

அது பிரபலமானவரின் கிட்டார். அதனால் தேட ஆள் இருந்தது. ஆனா, அதே காலத்தில் பிரிட்டனின் ஒவ்வொரு ஊரிலும் பள்ளிக்கூடப் பசங்களும் தொழிற்சாலைப் பையன்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் பேண்ட் நடத்தினாங்க. புகழ் பெற்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். மற்றவர்களுக்கு இப்போ வயசு எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவங்க நினைவுகள் இன்னும் பரணில்தான் இருக்கு. அப்படி என்னதான் நடந்தது அந்தக் காலத்தில்? வாங்க, பார்க்கலாம்.

ராணுவம் கைவிட்ட தலைமுறை

இரண்டாம் உலகப் போர் முடிந்தும் பிரிட்டனில் ரேஷன் உடனே போகவில்லை. இறைச்சிக்கான கட்டுப்பாடு விலகி ரேஷன் முழுசா முடிவுக்கு வந்தது 1954 ஜூலையில்தான். இன்னொரு கட்டாயமும் இருந்தது: ராணுவ சேவை. உடல்தகுதியுள்ள ஆண் பிள்ளைகள் 18 வயதானதும் இரண்டு வருஷம் சீருடை போட்டாகணும். பள்ளி முடித்த பையனுக்கு, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு அணிவகுப்பில் நிற்பதுதான் அடுத்த கட்டம்.

1960 முடிவில் ஆள் எடுப்பதை அரசு நிறுத்தியது. 1939 அக்டோபர் 1-ம் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அழைப்பு இல்லை என்று கோடு கிழித்தாங்க. ரிங்கோ ஸ்டார் பிறந்தது 1940 ஜூலையில். ஒரே ஒரு வருஷம் முன்னாடி பிறந்திருந்தா, டிரம் குச்சி பிடித்த கையில் துப்பாக்கி இருந்திருக்கலாம். பதினெட்டு வயசில் ஒரு குழு கலைந்துபோகாமல் தொடர்ந்து வாசிக்க முடிந்ததற்கு இந்தத் தேதிதான் முக்கியக் காரணம்.

கூடவே, அப்போ 15 வயசிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போகலாம். வேலையும் தாராளமாகக் கிடைத்தது. பையில் கொஞ்சம் காசு, மாலையில் கொஞ்சம் நேரம், மேலே யாரும் விசில் ஊதாத வாழ்க்கை. அப்பாக்களுக்குக் கிடைக்காத 'இளமை' என்ற ஒரு பருவம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

நம்ம பக்கத்துத் தேயிலைப் பெட்டி

கையில் நேரம் இருக்கு, ஆசை இருக்கு. வாத்தியம்? அதற்கு வழிகாட்டியது 'ஸ்கிஃபிள்' என்ற எளிய இசை. 1956 ஜனவரியில் லோனி டோனகனின் ஒரு ரயில் பாட்டு ஹிட் ஆனதும், நாடு முழுக்கப் பசங்க அதே பாணியில் கிளம்பிட்டாங்க. இதில் விலைகொடுத்து வாங்க வேண்டியது ஒரு மலிவான கிட்டார் மட்டும்தான். மீதியெல்லாம் வீட்டுச் சாமான்!

தாளத்துக்குத் துணி துவைக்கும் நெளிநெளியான தகரப் பலகை. தையல்காரர்கள் விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் உலோகத் தொப்பிகளை மாட்டிக்கொண்டு அதன் மேல் 'சரக் சரக்'கென்று தேய்ப்பாங்க. பேஸ் ஒலிக்குத் தேயிலைப் பெட்டி. காலிப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு துடைப்பக் கட்டையை நிறுத்தி, கட்டையின் உச்சியிலிருந்து பெட்டியின் நடுவுக்கு ஒரு கயிறு கட்டினால் போதும். கட்டையைச் சாய்த்துக் கயிறை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும்.

அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது? இலங்கை, இந்தியத் தோட்டங்களிலிருந்து தேயிலை கப்பலேறிப் போனது அப்படிப்பட்ட மெல்லிய பலகைப் பெட்டிகளில்தான். இலங்கை மலையகத்தில் அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவங்க கூடையிலிருந்து போன தேயிலையைக் குடித்துமுடித்த பிறகு, மிஞ்சிய பெட்டி லிவர்பூல் பையன் ஒருவனுக்கு வாத்தியமாகியிருக்கு. பறித்த கைக்கும் வாசித்த கைக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

1957 ஜூலை 6 அன்று லிவர்பூலின் வூல்டன் பகுதியில், செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத் திருவிழாவில் 'குவாரிமென்' என்ற பள்ளிப் பசங்க குழு வாசித்தது. அதிலும் தேயிலைப் பெட்டி பேஸ் உண்டு. குழுவின் தலைவன் ஜான் லெனானுக்கு 16 வயசு. வேடிக்கை பார்க்க வந்த 15 வயசுப் பையன்தான் பால் மெக்கார்ட்னி. மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

தவணையில் வந்த கனவு

பெட்டியும் பலகையும் ரொம்ப நாள் தாங்கவில்லை. எல்லாருக்கும் மின்சார கிட்டார் ஆசை வந்துவிட்டது. ஆனா, டாலரை மிச்சம் பிடிக்க அமெரிக்க வாத்தியங்கள் இறக்குமதிக்கு 1951 முதல் தடை இருந்தது. 1959-ல்தான் அது விலகியது. அதே வருஷம் கிளிஃப் ரிச்சர்ட், தன் குழுவின் ஹேங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு சிவப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வரவழைத்தார். 1960-ல் 'ஷேடோஸ்' குழுவின் 'அபாச்சி' வந்தபோது, வார்த்தையே இல்லாத அந்தக் கிட்டார் இசைக்குப் பித்துப் பிடித்த பையன்கள் ஏராளம்.

கையில் மொத்தப் பணம் ஏது? தவணைதான். 1958-ல் தவணை விற்பனைக் கட்டுப்பாடுகளை அரசு தளர்த்தியது இவங்களுக்கு வசதியாப் போச்சு. ஆனா, 21 வயது ஆகாதவர் அன்றைய சட்டப்படி மைனர். அதனால், அப்பாவோ அம்மாவோ ஜாமீன் கையெழுத்து போடணும். 'பாட்டு சோறு போடுமா?' என்ற கேள்வி நம்ம வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. லெனானை வளர்த்த பெரியம்மா மிமியும் கிட்டாரால் பிழைக்க முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். லிவர்பூலின் 'ஹெஸ்ஸிஸ்' கடையில் பீட்டில்ஸ் வைத்திருந்த தவணை பாக்கியை, அவங்க மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன் வந்துதான் அடைத்தார்.

கற்றுக்கொடுக்க ஆசிரியரும் குறைவு. 1957-ல் பெர்ட் வீடன் எழுதிய, ஒரே நாளில் கிட்டார் வாசிக்கலாம் என்று உறுதி தந்த புத்தகம்தான் பலருக்கும் குரு. எரிக் கிளாப்டனும் அதில் தொடங்கியவர்தான். மற்றபடி, இசைத்தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, காதால் பிடித்து, விரலில் கொண்டுவருவதுதான் பாடம்.

ஒரு நாள் கச்சேரி எப்படி இருக்கும்?

லிவர்பூல் மேத்யூ தெருவில், பழைய கிடங்கு ஒன்றின் பாதாள அறைதான் 'கேவர்ன்' கிளப். 1957 ஜனவரி 16-ல் ஜாஸ் மன்றமாகத் தொடங்கியது. செங்கல் வளைவுகள், காற்றோட்டம் கிடையாது. கூட்டம் சேர்ந்தால் சுவரில் வியர்வை வழியும். அங்கே மது விற்பனையும் கிடையாது; காபி, குளிர்பானம் மட்டும்தான். மதிய உணவு இடைவேளையிலும் கச்சேரி நடக்கும். அலுவலகப் பெண்களும் கடைப் பையன்களும் படியிறங்கி வந்து ஆடிவிட்டு, திரும்ப வேலைக்குப் போவாங்க. 1961 பிப்ரவரி முதல் 1963 ஆகஸ்ட் வரை பீட்டில்ஸ் இங்கே வாசித்தது கிட்டத்தட்ட 290 முறை!

பேர் இல்லாத குழுக்களுக்குத் தேவாலய மண்டபம், இளைஞர் மன்றம், தொழிலாளர் கிளப், டவுன் ஹால். பகலில் வேலை, இரவில் வேன். பின்னால் ஆம்ப்ளிஃபயர், டிரம், அதற்கு மேலே ஆள்கள் என்று அடைத்துக்கொண்டு போவாங்க. விடிகாலை வீடு வந்து, ரெண்டு மணி நேரம் தூங்கி, மறுபடி வேலை. கிடைக்கும் காசைப் பெட்ரோலுக்கும் தவணைக்கும் பிரித்தால் கையில் நிற்பது சில்லறைதான்.

1961 ஜூலையில் பில் ஹாரி தொடங்கிய 'மெர்ஸி பீட்' பத்திரிகை, லிவர்பூல் பக்கத்தில் மட்டுமே நூற்றுக்கணக்கான குழுக்கள் இருந்ததைப் பதிவு செய்திருக்கு. ஒரே ஊரில்!

'பொண்ணுங்க கிட்டார் வாசிக்க மாட்டாங்க!'

இந்த நினைவுகளில் பெண்கள் பெரும்பாலும் மேடைக்குக் கீழேதான் நிற்பாங்க. அதை மாற்றிக்காட்டியவர்கள் 'லிவர்பேர்ட்ஸ்'. மேரி மெக்லோரி, வேலரி கெல், சில்வியா சாண்டர்ஸ், பமீலா பர்ச் என்று நாலு லிவர்பூல் பெண்கள். மேரிக்கு அதற்கு முன் கன்னியாஸ்திரி ஆகும் எண்ணம் இருந்தது! கேவர்னில் அவங்களைப் பார்த்த லெனான், பெண்கள் கிட்டார் வாசிக்க மாட்டாங்க என்று சொன்னதை அவங்களே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்திருக்காங்க.

அந்தச் சொல்லைப் பொய்யாக்கணும் என்றே உழைத்தாங்க. 1964-ல் ஹாம்பர்க்கின் 'ஸ்டார் கிளப்' மேடை ஏறி, ஜெர்மனியில் பெரிய பேர் வாங்கினாங்க. சொந்த ஊரில் அந்த அளவுக்குப் பேச்சில்லை. 1968-ல் குழு கலைந்தது. இன்றைக்கு 60-களின் இசை வரலாற்றைத் திருப்பி எழுதும்போது, அவங்களுக்கு உரிய பக்கம் தாமதமாகத்தான் கிடைத்துக்கொண்டிருக்கு. நினைவுகளைக் கேட்டு எழுதிவைக்காவிட்டால் யார் பேர் முதலில் காணாமல்போகும் என்பதற்கு இது உதாரணம்.

60-களின் குட்டி அகராதி

* காபி பார்: எஸ்பிரெஸ்ஸோ மெஷினும் ஜூக்பாக்ஸும் இருக்கும் கடை. ஒரு கப் காபியில் மாலை முழுக்க உட்காரலாம். லண்டன் சோஹோவின் '2ஐஸ்' பல பாடகர்களுக்கு முதல் மேடை.

* கடல் வானொலி: பி.பி.சி. இசைத்தட்டு ஒலிபரப்பும் நேரத்துக்கு அளவு இருந்தது. அதனால், 1964 மார்ச்சில் 'ரேடியோ கரோலின்' கப்பலிலிருந்தே பாட்டு போட்டது. 1967 ஆகஸ்டில் சட்டம் போட்டு இந்தக் கப்பல் வானொலிகளை முடக்கிய அரசு, செப்டம்பர் 30-ல் 'ரேடியோ 1' கொண்டுவந்தது.

* மாட்ஸ், ராக்கர்ஸ்: கச்சிதமான கோட்டு சூட்டு, வெஸ்பா, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் என்றால் மாட்ஸ். தோல் ஜாக்கெட், பெரிய பைக் என்றால் ராக்கர்ஸ். 1964-ல் கடற்கரை ஊர்களில் ரெண்டு கோஷ்டிக்கும் அடிதடி. நம்ம தாத்தாக்கள் அலுவலகம் போன அதே லாம்ப்ரெட்டாதான் அங்கே கலகக்காரர்களின் வாகனம்!

* மினி ஸ்கர்ட்: டிசைனர் மேரி குவான்ட் பேரோடு சேர்ந்தே சொல்லப்படும் 60-களின் அடையாளம்.

கனவுக்கு வந்த பில்

நினைவுகள் எல்லாமே தேன் இல்லை. 1962-ம் வருஷத்தின் முதல் நாளில் டெக்கா நிறுவனத்தில் பாடிக்காட்டிய பீட்டில்ஸையே வேண்டாம் என்றுதான் அனுப்பினாங்க. அவங்களுக்கே அப்படி என்றால், மற்ற குழுக்களுக்கு எத்தனை கதவு மூடியிருக்கும்! கல்யாணம், குழந்தை, நிரந்தர வேலை என்று ஒவ்வொருவராக விலக, 60-களின் கடைசியில் டிஸ்கோதேக்குகளில் பேண்டுக்குப் பதில் இசைத்தட்டே போதும் என்றானது. பலர் கிட்டாரை விற்றுத் தொட்டில் வாங்கினாங்க.

இன்னொரு பில், காதுக்கு வந்தது. அன்றைக்குச் சத்தத்தின் ஆபத்து பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட், காதில் ஓயாமல் ஒலிக்கும் இரைச்சல் பற்றியும் கேட்கும் திறன் குறைந்தது பற்றியும் வெளிப்படையாகப் பேசிவருகிறார். இயர்போனில் முழு வால்யூம் வைக்கிறவரா நீங்க? இதைக் கொஞ்சம் கவனிங்க.

இன்னொருமுறை வாசிக்கலாமா?

பழைய கேவர்னை 1973-ல் ரயில்வே வேலைக்காக மூடினாங்க. 1984-ல் பழைய செங்கற்களில் பலவற்றை வைத்தே திரும்பக் கட்டினாங்க. 1997-ல், அந்தத் தேவாலயத் திருவிழாவில் வாசித்த குவாரிமென் நண்பர்கள், நாற்பது வருஷம் கழித்து மறுபடி ஒன்றுசேர்ந்தாங்க. இடையில் எல்லாருக்கும் வேறு வேறு வேலை, குடும்பம். வாசிக்கும் ஆசை மட்டும் போகவில்லை.

உங்க வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். கல்லூரி விழாவில் பாங்கோ அடித்த தாத்தா, மெல்லிசைக் குழுவில் பாடிவிட்டுக் கல்யாணத்தோடு நிறுத்திய அத்தை. இந்த வாரம் அவங்க பக்கத்தில் உட்கார்ந்து சில விஷயங்கள் செய்யுங்க:

1. 'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்று பொதுவாகக் கேட்காதீங்க. 'முதல் வாத்தியத்துக்குக் காசு யார் கொடுத்தா? வீட்டில் என்ன சொன்னாங்க?' என்று கேளுங்க. கதை தானா வரும்.

2. பழைய போட்டோவில் இருப்பவர்களின் பேரையும் ஊரையும் பென்சிலால் பின்னால் எழுதுங்க. பேரைச் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே எழுதுவது முக்கியம்.

3. பேசும்போது போனில் பதிவு செய்யுங்க. அனுமதி கேட்டுவிட்டு!

4. ஏன் நிறுத்தினாங்க என்பதையும் கேளுங்க. யாருக்காகவோ விட்டுக்கொடுத்த கதை அதில் இருக்கும்.

5. அந்த வாத்தியம் இன்னும் வீட்டில் இருந்தால், தூசு தட்டி, தந்தி மாற்றி அவங்க மடியில் வைங்க.

சுருதி கொஞ்சம் விலகும், விரல் நடுங்கும். பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க!