மூன்று பென்ஸ் பரீட்சை

லண்டனில் 1884-ஆம் ஆண்டு நடந்த சுகாதாரக் கண்காட்சியில் ஃபிரான்ஸிஸ் கால்ட்டன் என்ற அறிஞர் ஒரு சோதனைச்சாலை வைத்தார். மூன்று பென்ஸ் கொடுத்தால், கண் எவ்வளவு தூரம் பார்க்கிறது, காது எவ்வளவு கீச்சுக் குரலைக் கேட்கிறது என்றெல்லாம் அளந்து சீட்டுக் கொடுப்பார்கள். 9,337 பேர் அளந்துகொண்டார்கள். புலன் கூர்மையானவனுக்குப் புத்தியும் கூர்மை என்பது கால்ட்டனின் நம்பிக்கை. 1901-இல் கிளார்க் விஸ்லர் கொலம்பியா மாணவர்களின் சோதனைக் கணக்கையும் பரீட்சை மார்க்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பொருட்படுத்தத்தக்க சம்பந்தம் எதையும் காணோம்!

காது கேட்கிறதா என்று கேட்ட கால்ட்டன், கேட்டதைத் தாங்க முடிகிறதா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜீன் ஏர்ஸ் அம்மையார். புலன்கள் கொண்டுவரும் செய்திகளை மூளை சேர்த்துக் கோக்கும் விதத்தைப் பற்றி 1972-இல் அவர் புத்தகம் எழுதினார். அவருடைய கொள்கையை ஒப்பாத மருத்துவர்களும் உண்டு. 1999-இல் வினி டன் என்பவர் வெளியிட்ட வினாத்தாள், குழந்தையை வளர்ப்பவரையே விசாரித்தது. 2002-இல் பெரியவர்கள் தாமே பதிலெழுதும் தாளும் வந்தது.

வினாத்தாள் சிகிச்சை ஆகாது. ஆனால் புதுச்சட்டை உறுத்துகிறதென்று அழும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று அடிக்க ஓங்கிய கை, அந்தக் கேள்விகளைப் படித்தால் சற்றே தயங்கும். அந்தத் தயக்கம் மூன்று பென்ஸுக்கு மேல் பெறும்.