பந்தியில் பிறந்த ஸ்தோத்திரம்

மனம் மகிழ்ந்தவன் நன்றி சொல்கிறான் என்பதுதான் நாம் பொதுவாக எண்ணும் வரிசை. நல்லது நடக்கிறது, உள்ளம் நிறைகிறது, நிறைந்த உள்ளம் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறது. பிள்ளை பிறந்தால் ஸ்தோத்திர ஜெபம், வேலை கிடைத்தால் ஸ்தோத்திரக் காணிக்கை என்று நம் சபைகளின் வழக்கமும் இந்த வரிசையில்தான் அமைந்திருக்கிறது. இது தவறான வழக்கம் அல்ல. ஆனால் மகிழ்ச்சி முந்தியது, நன்றி பிந்தியது என்று இதை ஒரு விதியாக்கிவிட்டால், துயரத்தில் இருக்கும் விசுவாசிக்கு நன்றி சொல்ல வாயே இல்லாமல் போகும். சபையின் வரலாறு இந்த விதியை ஒப்புக்கொள்வதில்லை. நன்றியே ஊற்று, மகிழ்ச்சி அதிலிருந்து சுரப்பது என்பதற்கு உலகமெங்கும் பாடப்படும் ஒரு ஜெர்மன் ஞானப்பாட்டின் கதையே போதிய சான்று. ஆங்கிலத்தில் 'நவ் தாங்க் வீ ஆல் அவர் காட்' என்ற பெயரில் அறியப்படும் அந்தப் பாட்டு, ஆலயத்துக்காக எழுதப்பட்டதல்ல. சாப்பிட்டு முடித்த ஒரு குடும்பம் சொல்வதற்கான சிறு ஜெபமாகவே அது பிறந்தது.

அதை எழுதியவர் மார்ட்டின் ரிங்கார்ட். சாக்சனி நாட்டில், லைப்சிக் நகருக்கு அருகே உள்ள ஐலன்பர்க் என்ற சிற்றூரில் 1586இல் பிறந்தார். தகப்பனார் மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளி. லைப்சிக்கின் புனித தோமா பள்ளியில் பாடகர் குழுச் சிறுவனாகச் சேர்ந்து படித்து, 1617இல் சொந்த ஊருக்கே லுத்தரன் குருவாகத் திரும்பினார். மறு ஆண்டே முப்பதாண்டுப் போர் மூண்டது. அது 1648இல் முடிந்தது, அவர் 1649இல் மறைந்தார். ஆக, ஐலன்பர்க்கில் அவர் செய்த ஊழியத்தின் ஏறத்தாழ எல்லா ஆண்டுகளையும் போர் தின்றது. படைவீரர்கள் அவர் வீட்டிலேயே வந்து தங்கி, இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். ஐலன்பர்க் மதில் சூழ்ந்த ஊர் என்பதால் சுற்றுவட்டாரத்து அகதிகள் அங்கே வந்து குவிந்தார்கள். நெருக்கடியோடு கொள்ளைநோயும் உள்ளே புகுந்தது.

1637ஆம் ஆண்டு அந்த ஊருக்கு நேர்ந்ததை நினைத்தாலே நெஞ்சு அடைக்கும். மூத்த கண்காணி ஊரைவிட்டுப் போய்விட்டார். உடன் ஊழியம் செய்த குருமார் இருவர் நோயில் இறந்தார்கள். அவர்களையும் ரிங்கார்ட்டே அடக்கம் செய்தார். அதன்பின் ஊருக்கு அவர் ஒருவரே குரு. ஒரே நாளில் நாற்பது, ஐம்பது பேருக்கு அடக்க ஆராதனை நடத்திய நாட்கள் உண்டு. அந்த ஆண்டில் அவர் ஜெபித்து அடக்கம் செய்தவர்கள் ஏறத்தாழ 4,480 பேர். அதன்பின் பிணங்களை நீண்ட பள்ளங்களில் ஆராதனை இல்லாமலே புதைக்க வேண்டியதாயிற்று. மொத்தச் சாவு சுமார் 8,000. மே மாதத்தில் ரிங்கார்ட்டின் மனைவியும் இறந்தார். கொள்ளைநோய் ஓய்ந்ததும் பஞ்சம் வந்தது. செத்த பூனைக்காகவும் காக்கைக்காகவும் முப்பது, நாற்பது பேர் தெருவில் அடித்துக்கொண்டார்கள் என்று அந்த ஊரின் வரலாறு சொல்கிறது.

இந்தக் காக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் காலத்து லுத்தரன் வீட்டுப் பந்தியைப் பார்க்க வேண்டும். மார்ட்டின் லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில், சாப்பாட்டுக்கு முன் ஒரு ஜெபம், பின் ஒரு ஜெபம் என்று இரண்டு இருக்கின்றன. பிள்ளைகளும் வேலையாட்களும் கைகளைக் கூப்பி, பயபக்தியோடு நின்று அவற்றைச் சொல்ல வேண்டும். முன் ஜெபம் 145ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. பின் ஜெபத்தில் வருவது 147ஆம் சங்கீதம். கூப்பிடுகிற காக்கைக் குஞ்சுகளுக்கும் இரை கொடுக்கிற தேவனை அது துதிக்கிறது. மனிதர் காக்கைக்காக அடித்துக்கொண்ட ஊரில், காக்கைக்கும் இரை தருகிறவரைப் போற்றும் ஜெபத்தை வீடுகளுக்குக் கற்பித்த சபை இருந்தது. ரிங்கார்ட்டின் பாட்டு இந்தப் பின் ஜெப மரபில் வந்தது. அவரே அதற்குச் 'சிறு பந்தி ஜெபம்' என்றுதான் தலைப்பிட்டார்.

பாட்டின் அமைப்பே நம் வாதத்துக்குச் சான்று. அது தழுவிய சீராக் ஆகமத்தின் 50ஆம் அதிகாரத்தில், தேவனைப் போற்றுங்கள் என்ற அழைப்பு முதலில் வருகிறது. அவர் நமக்கு மனமகிழ்ச்சியும் சமாதானமும் தரும்படியான வேண்டுதல் அதைத் தொடர்கிறது. ரிங்கார்ட் அதே வரிசையைக் காத்தார். முதல் சரணம் நன்றி, இரண்டாம் சரணம் மகிழ்ச்சியான இருதயத்துக்கும் துன்பத்திலிருந்து விடுதலைக்குமான விண்ணப்பம், மூன்றாவது திரித்துவத் துதி. அதாவது, பாடுகிறவன் கையில் மகிழ்ச்சி இன்னும் வந்து சேரவில்லை. நன்றி சொல்லிவிட்டுத்தான் அதைக் கேட்கிறான். கிடைத்த பொருளிலேயே கண் நின்றால், பொருள் போகும்போது மகிழ்ச்சியும் போய்விடும். தந்தவரிடம் கண் சென்றால், பொருள் போன பிறகும் தந்தவர் இருக்கிறார். நன்றி மகிழ்ச்சியை ஆழமாக்குவது இப்படித்தான்: அது மகிழ்ச்சியின் வேரைப் பறிபோகும் இடத்திலிருந்து எடுத்து, பறிபோகாத இடத்தில் நடுகிறது.

இதற்கு மறுப்பு உண்டு. போர் முடிந்து சமாதானம் வந்த களிப்பில் எழுந்த பாட்டுதானே இது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அப்படியானால் மகிழ்ச்சிதான் முந்தியது என்றாகும். ஆனால் தேதி அதற்கு இடம் தரவில்லை. யோஹான் க்ரூகர் பெர்லினில் 1647இல் பதிப்பித்த பாடல் நூலிலேயே இது இருக்கிறது. வெஸ்ட்ஃபாலியா சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது 1648 அக்டோபரில். கொள்ளைநோய்க்கு முன்பே எழுதியிருந்தால், தாம் எழுதிய நன்றியை மனைவியின் கல்லறைக்குப் பிறகும் அவர் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு எழுதியிருந்தால், அந்தக் கல்லறையைக் கடந்து வந்துதான் எழுதினார். எப்படியும் அது சுகவாசியின் நன்றி அல்ல.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. ஊரே சாகும்போது நன்றி சொல்வது கண்ணை மூடிக்கொள்வதாகாதா? பக்கத்து வீட்டில் பட்டினி கிடக்க, என் தட்டுக்காக நான் ஸ்தோத்திரம் சொல்வது இரக்கமின்மை அல்லவா? இது நியாயமான கேள்வி. பதில் ரிங்கார்ட்டின் நடத்தையில் இருக்கிறது. பஞ்சத்தில் அவர் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. தம் பிள்ளைகளின் சோற்றுக்கும் துணிக்குமே வரப்போகும் ஆண்டுகளின் வருமானத்தை அடகு வைக்கும் நிலையில் இருந்தவர், இயன்றதை அந்த வாசலில் பகிர்ந்தார். 1639இல் ஸ்வீடன் படை ஊரின்மேல் 30,000 தாலர் தண்டம் விதித்தபோது, ஊருக்காகப் பரிந்து பேசப் போனவர் அவரே. படைத்தலைவன் மறுத்ததும் மக்களைக் கூட்டி முழங்கால் படியிட்டு ஜெபித்துப் பாடினார். முடிவில் தண்டம் 2,000 ஃப்ளோரினாகக் குறைந்தது. உண்பது தன் சம்பாத்தியம் என்று நினைப்பவனுக்குத்தான் பூட்டி வைக்கத் தோன்றும். பெற்றது என்று அறிந்தவனுக்குப் பங்கிட மனம் வரும். அவருடைய நன்றி கண்ணை மூடவில்லை, கையைத் திறந்தது.

இந்தப் பாட்டுக்கு வேறொரு வாழ்வும் வாய்த்தது. 1757 டிசம்பரில் லாய்தன் போரில் வென்ற பிரஷ்யப் படையினர், களத்திலேயே இதைப் பாடியதாகச் சொல்வார்கள். அதன்பின் அது வெற்றி விழாக்களின் கீதமாயிற்று. எதிரியின் பிணங்களுக்கு நடுவே எழும் நன்றி, பந்தியில் எழுந்த நன்றி ஆகாது. ஒன்று மற்றவன் இழந்ததில் களிக்கிறது, மற்றது தனக்குத் தகுதியின்றிக் கிடைத்ததில் தாழ்கிறது. நன்றியின் பெயரால் பெருமை வளரக்கூடும் என்பது உண்மை. அதற்கு மருந்து, பாட்டை அது பிறந்த பந்திக்கே திரும்பக் கொண்டுபோவதுதான்.

அந்தப் பந்தி நமக்கு அந்நியமானது அல்ல. ஐலன்பர்க்கிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் ஹாலே நகரில் படித்த மிஷனரி சீகன்பால்கு, 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். அவருக்குப் பின் வந்த ஃபப்ரீசியுஸ் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பாட வைத்தார். சாப்பிடும் முன் கண்மூடி ஜெபிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. சாப்பிட்ட பின் நன்றி சொல்லும் வழக்கம்தான் தேய்ந்துவிட்டது. கேட்பது நினைவிருக்கிறது, பெற்றதைச் சொல்வது மறந்துவிட்டது. ஆகவே, இன்று இரவு சாப்பாடு முடிந்து கை கழுவ எழும் முன், ஒரு நிமிடம் அமர்ந்திருங்கள். அந்த நாள் நல்ல நாளாக இருந்திருக்க வேண்டும் என்று காத்திராதீர்கள். நன்றியை முதலில் சொல்லுங்கள், மகிழ்ச்சியைப் பிறகு கேளுங்கள்.