உரிமமும் இணைப்பும்: இந்தியத் தொலைத்தொடர்புச் சந்தை திறந்த வரலாறு

இந்தியத் தொலைத்தொடர்பில் அரசின் ஏகபோகம் 1994ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையோடு முடிந்தது என்பது பொதுவான கருத்து. ஆனால் உரிமம் என்பது சந்தைக்குள் நுழையும் அனுமதி மட்டுமே. புதிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பழைய வலையமைப்பிலுள்ள எண்ணை அழைக்க முடியாவிட்டால் அந்த உரிமத்தால் பயனில்லை. அந்த இணைப்பை யார், எவ்விலைக்குத் தருவது என்ற விதியும், அதைச் சார்பின்றி நிறைவேற்றும் அமைப்பும் வந்த பிறகே போட்டி பிறந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1995 ஜூலை 31 அன்று முதல் செல்பேசி அழைப்பு கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குச் சென்றது. ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைந்ததோ 1997இல்தான். இடைக்காலத்தில் கொள்கை வகுப்பது, உரிமம் தருவது, தொலைபேசிச் சேவையை நடத்துவது ஆகிய மூன்றும் தொலைத்தொடர்புத் துறையின் கையிலேயே இருந்தன. ஆட்டக்காரரே நடுவராகவும் இருந்தார். உரிம ஏலத்தில் ஏற்றுக்கொண்ட பெருங்கட்டணங்களைச் செலுத்த முடியாமல் தனியார் நிறுவனங்கள் தத்தளித்தன. 1999 மார்ச்சில் செல்பேசி இணைப்புகள் சுமார் 12 இலட்சம் மட்டுமே. அவ்வாண்டின் புதிய கொள்கை நிலையான உரிமக் கட்டணத்தை வருவாய்ப் பங்காக மாற்றியது. 2000ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழக்குகளுக்குத் தனித் தீர்ப்பாயத்தை நிறுவி, இணைப்பு நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரத்தை டிராய்க்கு உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் சேவைப் பிரிவு பிஎஸ்என்எல் ஆகத் துறையிலிருந்து பிரிந்தது.

செல்பேசி பரவியதற்குக் காரணம் தொழில்நுட்பமும் மலிவான கருவிகளுமே, விதிகள் அல்ல என்று வாதிடலாம். கருவியின் விலை இறங்கியது பெரிதும் உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் செல்பேசிக்கான ஜிஎஸ்எம் தொழில்நுட்பம் 1995லேயே இங்கு இருந்தது. உள்வரும் அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டியிருந்த நிலை 2003 மே மாதம் மாறியதற்கு, அழைப்பை முடித்துத் தரும் நிறுவனத்துக்கு அழைப்பவரின் நிறுவனம் ஈடு செலுத்த வேண்டும் என்ற டிராய் விதியே காரணம்.

கட்டுப்பாடு பெருகியும் இன்று எஞ்சியிருப்பவை மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் பொதுத்துறையும் மட்டும்தானே என்பது வலுவான மறுப்பு. எனினும் இந்தச் சுருக்கத்துக்குக் கட்டண யுத்தம் ஒரு காரணம் என்றால், உரிமம் தருபவரே வருவாய்ப் பங்கைப் பெறுபவராகவும் நீடித்தது மற்றொரு காரணம். எது வருவாய் என்ற சர்ச்சையில் 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசின் விளக்கத்தை ஏற்றபோது நிறுவனங்களின் மீது பெருங்கடன் விழுந்தது. இணைப்பு விதியை நிறைவேற்றுவதிலும் இறுதி முடிவு அரசிடமே இருந்தது: 2016இல் புதிதாக நுழைந்த ஜியோ நிறுவனத்துக்குப் போதிய இணைப்புப் புள்ளிகள் தரவில்லை என மூன்று நிறுவனங்களுக்கு ரூ. 3,050 கோடி அபராதத்தை டிராய் பரிந்துரைத்தது. பரிந்துரைக்க மட்டுமே அதனால் முடிந்தது. அரசின் கேட்பாணை 2021இல் வந்தது. புதிதாக நுழைபவருக்கு ஐந்தாண்டுத் தாமதம் நீதி மறுப்புக்குச் சமம். நடுவரை நியமித்த அரசு, விசிலைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. உரிமம், அபராதம் ஆகியவற்றில் டிராய்க்கு இறுதி அதிகாரம் கிட்டும்வரை 1994இல் தொடங்கிய சந்தைத் திறப்பு முற்றுப்பெற்றதாகக் கொள்ள இயலாது.