தோள் கூசினால் குறி தப்பும்

ஜேடர்பாளையம் படுகை அணையில் தேங்கி, ராஜா வாய்க்காலுக்குள் திரும்பி வாழைக்கும் வெற்றிலைக்கும் பாயும் காவிரி, ஒகேனக்கல்லுக்கு மேலே அஞ்செட்டிக் காடுகளைத் தொட்டுக்கொண்டு வருகிறது. 1965இல் தருமபுரி தனியாகப் பிரியும்வரை அந்தக் காடுகளும் ஜேடர்பாளையமும் ஒரே சேலம் மாவட்டம்.

அந்த வடகாட்டு வேட்டைகளை எழுதி வைத்தவர் பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன். 1954இல் வந்த அவருடைய முதல் நூலிலேயே ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலி இடம்பெறுகிறது. அவர் தூக்கியது .405 வின்செஸ்டர் துப்பாக்கி. 1904இல் அறிமுகமான அதன் தோட்டா, 19 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகத்தில் தள்ளும். துப்பாக்கியின் எடையோ நாலு கிலோவுக்குள். குண்டு முன்னால் பாய, கட்டை பின்னால் தோளை உதைக்கும்.

குறி தப்பினால் உதைமேல் பழி போடுவது வழக்கம். ஆனால் குண்டு குழலைவிட்டு வெளியேற ஒன்றிரண்டு மில்லிநொடிதான். தோள் முழு உதையையும் வாங்கும்போது குண்டு போயே போயிருக்கும். குறியைக் கெடுப்பது கூச்சம்தான்: முன்பு வாங்கிய உதைகளும் காதை அடைத்த சத்தமும் உடம்புக்குள் தங்கிவிடுகின்றன. விசையில் விரல் அழுந்தும்போதே கண் மூடிக்கொள்கிறது, தோள் கூசுகிறது, குழல் முனை தாழ்கிறது.

அரைகுறையாகச் சுடுவது எதில் முடியும் என்பதற்குக் குமாவுன் மலை சாட்சி. 1907இல் ஜிம் கார்பெட் கொன்ற சம்பாவத் பெண்புலி 436 பேரைப் பலிகொண்டதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் பழைய குண்டடியில் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரைத் தேடியது என்று கார்பெட் எழுதினார். யாரோ ஒருவர் சரியாகச் சுடாததன் பலனை மலைக் கிராமங்கள் அனுபவித்தன.

அந்தப் புலியை வீழ்த்தியதற்காகக் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி. உதை குறைந்த துப்பாக்கி. 1926இல் ருத்ரபிரயாக்கின் ஆட்கொல்லிச் சிறுத்தையை அதைக்கொண்டுதான் சுட்டார்.

பெருந்துப்பாக்கியைத் தூக்கியே ஆகவேண்டியவர்களுக்கும் பயிற்சி உண்டு. காதை அடைத்துக்கொண்டு, என்.சி.சி. மாணவர்கள் சுடும் .22 போன்ற சிறு துப்பாக்கியில் முதலில் கையைப் பழக்க வேண்டும். பிறகு பெரியதன் கட்டையைத் தோள் குழியில் இறுக்கிப் பதிக்க வேண்டும். நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத தோட்டா ஒன்றைச் சுடுபவருக்குத் தெரியாமல் இன்னொருவர் போட்டுத் தருவார். வெடி கிளம்பாதபோதும் குழல் முனை தாழ்ந்தால், கூச்சம் கையும் களவுமாகப் பிடிபடும். அப்படிப் பிடிபடப் பிடிபடத்தான் உடம்பு அடங்கும்.

1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் காலத்தை முடித்துவைத்தது. பழைய சேலம் மாவட்டத்தின் வடகாடுகளில் 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் அமைந்தன. அவற்றைக் கடந்துதான் ஜேடர்பாளையத்துக்குத் தண்ணீர் வருகிறது.