வின்ஸ்டன் சௌ

வின்ஸ்டன் சௌ சிங்கப்பூரின் நகரப் பருவநிலை ஆய்வாளர்; சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 2023 ஜூலையில் நைரோபியில் நடந்த தேர்தலில், ஐநாவின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் இரண்டாம் பணிக்குழுவுக்கு, நெதர்லாந்தின் பார்ட் வான் டென் ஹுர்க்குடன் இணைத் தலைவராகத் தேர்வானார். அப்பொறுப்புக்கு வந்த முதல் சிங்கப்பூரர் இவர். பருவநிலை மாற்றத்தால் யாருக்கு என்ன பாதிப்பு, அதற்கு ஏற்ப எப்படி வாழ்வது என்பதை மதிப்பிடுவது அந்தப் பணிக்குழுவின் வேலை.

அடிப்படையில் இவர் புவியியலாளர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் ரோத்துடன் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, வணிக வட்டாரம், குடியிருப்பு எனப் பல இடங்களின் வெப்பநிலையை ஓராண்டு முழுதும் அளந்து, கட்டடங்கள் இல்லாத பகுதியோடு ஒப்பிட்டது. ஆர்ச்சர்ட் சாலையில் இரவு நேர வேறுபாடு சுமார் 7 டிகிரி செல்சியஸ் வரை போனது.

இதற்கான காரணத்தைப் புக்கிட் பாஞ்சாங் நகரில் நேரிலேயே பார்க்கலாம். வீடுகளை ஒட்டிப் போகும்போது அங்குள்ள எல்ஆர்டி ரயிலின் சன்னல்கள் தாமாகவே மங்கிவிடும். அடுக்குமாடிகள் அவ்வளவு நெருக்கம். பகலெல்லாம் சுவரும் தரையும் உள்வாங்கிய வெப்பம் இரவில் வானத்துக்குத் தப்ப வழி குறைவு. குளிரூட்டிகளின் சூடும் அதோடு சேர்கிறது. புக்கிட் தீமா விரைவுச்சாலையின் மறுபக்கத்துக் காட்டிலோ மரங்கள் நீராவியை வெளியிட்டுக் காற்றைத் தணிக்கின்றன. எங்கே மரம், எங்கே சுவர் என்பதைத் திட்டமிடுவோரே தீர்மானிக்கிறார்கள். ஆகவே நகரத்தின் வெப்பம் நிர்வாகத்தின் பொறுப்பும்கூட.

சௌ முனைவர் பட்டம் பெற்றது அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில். அங்கே பாலைவன நகரான பீனிக்ஸின் வெப்பத்தை ஆராய்ந்தார். பின்னர், 2017இல் சிங்கப்பூர்-ஈடிஎச் மையம் தலைமையில் தொடங்கிய ‘கூலிங் சிங்கப்பூர்’ திட்டத்தின் முதன்மை ஆய்வாளர்களுள் ஒருவரானார். 2022 பிப்ரவரியில் வெளிவந்த ஐபிசிசி அறிக்கையில் நகரங்களைப் பற்றிய அத்தியாயத்தை எழுதியவர்களிலும் இவர் உண்டு.

இத்துறையின் ஆய்வுகள் எவருக்கு மிகவும் தேவை என்றால், வெயிலில் நின்று வேலை செய்பவருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடும் தமிழக, வங்கதேச ஊழியர்களில் பலர் கட்டுமானத் தளங்களில் உழைப்பவர்கள். ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடல் தணியாது. அதனால்தான் வெறும் வெப்பமானி போதாது. நிழல் வெப்பநிலையோடு, ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும், வெயிலை உறிஞ்சும் கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானியும் காட்டும் அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அந்த அளவு 32 டிகிரியைத் தொட்டால், வெளியிடங்களில் கடினமாக உழைப்போருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் ஓய்வு தரவேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதித்தது. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் சிங்கப்பூரின் சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5 டிகிரி வரை உயரலாம் என்று 2024 ஜனவரியில் வெளியான மூன்றாம் தேசியப் பருவநிலை ஆய்வு கணிக்கிறது. ஆகவே அந்த 10 நிமிட ஓய்வை நான் தொடக்கமாகவே பார்க்கிறேன்.

சௌவின் ஆய்வுப் பொருளையொட்டி, பருவநிலை மாற்றமும் நகரங்களும் பற்றிய ஐபிசிசியின் சிறப்பு அறிக்கைக்கான வரைவுச் சட்டகம் 2024இல் பல்கேரியாவின் சோஃபியாவில் ஏற்கப்பட்டது. அறிக்கையை 2027இல் வெளியிடத் திட்டம்.