கல்லீரல் திடீர்ச் செயலிழப்பு: மருந்துச் சோதனைகளின் வரலாறு

முன்பு கல்லீரல் நோயே இல்லாதவருக்குச் சில நாள்களிலோ வாரங்களிலோ கல்லீரல் வேலையை நிறுத்திவிடும் நிலையே திடீர்ச் செயலிழப்பு. கண் மஞ்சளாகும், இரத்தம் உறையும் திறனை இழக்கும், மூளை வீங்கி நினைவு தப்பும். 1970இல் ட்ரே, டேவிட்சன் என்ற மருத்துவர்கள், நோய் தொடங்கிய எட்டு வாரங்களுக்குள் நினைவுத் தடுமாற்றம் வருவதை இதன் அளவுகோலாக வகுத்தனர்.

இந்த நோய்க்கு மருந்து தேடியவர்களை ஏமாற்றியது கல்லீரலின் மீண்டும் வளரும் திறன்தான். எந்தச் சிகிச்சையும் பலிக்காத காலத்திலும் நோயாளிகளில் ஒரு பகுதியினர் தாமாகவே பிழைத்தார்கள். பிழைத்தவருக்கு எந்த மருந்து கொடுக்கப்பட்டிருந்ததோ அதற்குப் பெருமை போய்ச் சேர்ந்தது. 1960களில் நோயாளியின் இரத்தம் முழுவதையும் வெளியேற்றிப் புது இரத்தம் ஏற்றினார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்த சிலர் கண் விழித்தார்கள். 1973இல் ரெடேக்கரும் யமஹிரோவும் ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதித்தபோது பலன் எதுவும் தென்படவில்லை. ஸ்டீராய்டு மருந்துகளும் அப்படியே தோற்றன. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ரோஜர் வில்லியம்ஸ் குழுவினர் இரத்தத்தைக் கரித்தூள் வழியே செலுத்தி நச்சு நீக்கிப் பார்த்தார்கள். தொடக்க முடிவுகள் நம்பிக்கை ஊட்டின. ஆனால், நல்ல தீவிர சிகிச்சைக்கு மேலாக இதனால் கிடைப்பது எதுவுமில்லை என்று 1988இல் அதே குழு வெளியிட்டது. சொந்த நம்பிக்கையைத் தாமே சோதித்து மறுத்த அந்த நேர்மை இத்துறைக்குக் கிடைத்த பெருங்கொடை.

வெற்றி வந்தது எடின்பரோவிலிருந்து. பாராசிட்டமாலை அளவு மீறி உட்கொண்டால் கல்லீரல் அழியும் என்று 1966இல் அங்கிருந்துதான் முதலில் எழுதினார்கள். அம்மாத்திரையின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சாக மாறுகிறது, அதைக் குளுட்டாதயோன் என்ற பொருள் முறிக்கிறது, அது தீர்ந்ததும் செல்கள் சாகின்றன என்பதை 1973இல் அமெரிக்காவில் மிட்செல் முதலியோர் விளக்கினர். காரணம் தெரிந்ததும் முறிமருந்துக்கு வழி பிறந்தது. எடின்பரோவின் லாரி பிரெஸ்காட் 1974இல் சிஸ்டியமின் கொடுத்துப் பார்த்தார். வேலை செய்தது, ஆனால் கடுமையான வாந்தி. அடுத்து அவர் கையில் எடுத்தது, சளியை இளக்கப் பயன்பட்டுவந்த அசிட்டைல்சிஸ்டீன். 1979இல் வெளியான அவரது கணக்கில், பத்து மணி நேரத்துக்குள் சிகிச்சை பெற்ற 62 பேரில் ஒருவருக்கே கல்லீரல் கடுமையாகப் பாதித்தது. அம்மருந்து பெறாத 57 பேரில் 33 பேருக்குப் பாதித்திருந்தது. பதினைந்து மணி நேரம் கடந்தால் பயனில்லை என்றும் அதே கட்டுரை சொன்னது.

அந்தக் கடைசி வரி பன்னிரண்டு ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 1991இல் கிங்ஸ் மருத்துவமனையில், பாராசிட்டமாலால் கல்லீரல் ஏற்கெனவே செயலிழந்துவிட்ட 50 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். மருந்து பெற்ற 25 பேரில் 12 பேர் பிழைத்தார்கள். பெறாத 25 பேரில் ஐந்து பேர்.

பாராசிட்டமால் அல்லாத காரணங்களால் கல்லீரல் செயலிழந்தவருக்கும் அசிட்டைல்சிஸ்டீன் உதவுமா? வில்லியம் லீ தலைமையிலான அமெரிக்க ஆய்வுக் குழு எட்டு ஆண்டுகள் முயன்று 173 பேரைத்தான் சேர்க்க முடிந்தது. நோய் அரிது, நோயாளி நினைவிழந்திருப்பதால் ஒப்புதலைக் கலங்கி நிற்கும் உறவினரிடம் கேட்க வேண்டும், நடுவில் மாற்றுக் கல்லீரல் கிடைத்துவிட்டால், காப்பாற்றியது எது என்ற கணக்கே குழம்பும். 2009இல் வந்த முடிவில் மொத்த உயிர்பிழைப்பு ஏறக்குறைய சமம். ஆனால் மாற்று அறுவையின்றிப் பிழைத்தவர்கள் மருந்துக் குழுவில் 40 சதவீதம், மற்றதில் 27. மயக்கம் ஆழமாகும் முன் தொடங்கியவர்களுக்கே அந்தப் பலன்.

பெரியவர்களுக்கு நல்லது குழந்தைகளுக்கும் நல்லது என்று எண்ணுவது இயல்பு. 184 குழந்தைகளிடம் நடந்த சோதனை 2013இல் அதைப் பொய்யாக்கியது. ஓராண்டில் மாற்று அறுவையின்றிப் பிழைத்தவர்கள் மருந்துக் குழுவில் 35 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 53. இரண்டு வயதுக்குட்பட்டோரிடம் பாதகம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இந்தச் சோதனை நடக்காமல் இருந்திருந்தால் எத்தனை வார்டுகளில் அக்கறையோடு அந்த மருந்தை ஏற்றிக்கொண்டிருப்பார்கள்!

டெல்லி எய்ம்ஸிலும் ஒரு முக்கியமான சோதனை நடந்தது. மூளையைப் பாதிக்கும் அம்மோனியாவை இரத்தத்தில் குறைக்கும் என நம்பப்பட்ட எல்-ஆர்னிதின் எல்-அஸ்பார்ட்டேட்டை அங்கே 201 பேரிடம் ஆராய்ந்து, 2009இல் அது உயிர் காக்கவில்லை என்று அறிவித்தார்கள்.

இப்போது கவனம் பிளாஸ்மா மாற்றத்தின் பக்கம், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியை மட்டும் அகற்றிப் புதிதாக ஏற்றுவதன் பக்கம், திரும்பியிருக்கிறது. 2016இல் லார்சன் முதலியோர் ஐரோப்பாவில் 182 பேரிடம் இதைச் சோதித்தனர். பிளாஸ்மா மாற்றப்பட்டவர்களில் சுமார் 59 சதவீதத்தினர் மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பினர், மற்றவர்களில் 48. தமிழ்நாட்டுக்கு இது நெருக்கமான செய்தி. இங்கே கல்லீரலைக் கெடுக்கும் காரணங்களில் எலியைக் கொல்லும் பசையிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் முக்கியமானது. அதற்கென்று முறிமருந்து கிடையாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குறைந்த அளவு பிளாஸ்மா மாற்றத்தை இத்தகையோருக்குச் செய்துவருகிறார்கள். 2022இல் தமிழக அரசு அந்தப் பசையின் விற்பனைக்குத் தடை விதிக்க முன்வந்தது.